பழைய ஐ5-7400ஐ மாற்றுகிறேன்: எந்த ப்ராசஸர், அதற்கு எந்த மதர்போர்டு?

தொடுவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இப்போது கையில் இருப்பது இன்டெல் ஐ5-7400, பி250 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 8+8 ஜிபி (2400 வேகம்), ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி, மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கும் ஒரு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). விண்டோஸ் 11 இந்தச் சிப்பை அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, அதனால் மாற்றியே ஆக வேண்டும். டாவின்சி ரிசால்வில் 4கே வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை, அது போக 1440பி மானிட்டரில் கேம் விளையாடுவேன். விமர்சன வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டு ஐ9-14900கே வாங்கலாம் என்று நினைத்திருக்கிறேன். ராம், கேபினட், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு போர்டும் ப்ராசஸரும் மட்டும் மாற்றினால் போதுமா? இன்னொரு யோசனையும் இருக்கிறது: 9ஆம் தலைமுறை ஐ7 ஒன்று பழையதாகக் கிடைத்தால் இதே போர்டில் போட முடியுமா? இரண்டும் 1151 சாக்கெட்தானே.

சிலிக்கன்மணல் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் 1151தான், சிப்பும் உள்ளே உட்கார்ந்துவிடும், ஆனால் மின்சாரம் போகும் பின்களின் அமைப்பை இன்டெல் மாற்றிவிட்டது, அதனால் 8ஆம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் போர்டு தேவைப்பட்டது. பின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பொருந்தும் என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. எந்தப் போர்டு வாங்கினாலும் அந்தத் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், ஆதரிக்கப்படும் ப்ராசஸர் பட்டியலில் உங்கள் சிப்பின் பெயர் இருக்கிறதா, எந்த பயாஸ் (போர்டின் உள் மென்பொருள்) பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் சொன்னார், நண்பர் சொன்னார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஐ9-14900கே வேண்டாம் என்பது என் கருத்து. இன்டெல் கணக்கிலேயே அது உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதைத் தாங்க நல்ல இசட்790 போர்டு, பெரிய கூலர், காற்றோட்டம் உள்ள கேபினட், புது எஸ்எம்பிஎஸ் எல்லாம் வேண்டும். ஒரு சிப்புக்காக மற்ற எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டு, கடைசியில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லாமல் அந்த 1060யையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். 1440பியில் கேம் விளையாடுபவருக்கும் ரிசால்வ் பயன்படுத்துபவருக்கும் அது தலைகீழான செலவு. ரிசால்வ் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் மென்பொருள்.

13, 14ஆம் தலைமுறையில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய்ச் சிப்பையே கெடுத்த பிரச்சினையையும் சேர்த்து யோசியுங்கள். 2024 ஆகஸ்ட்டில் அதற்கான திருத்தமாக 0x129 மைக்ரோகோட் (பயாஸ் வழியாகச் சிப்புக்குப் போகும் உள் மென்பொருள்) வந்தது, அதன் பிறகும் ஒரு திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். புதுச் சிப்பை வாங்கியவுடன் பயாஸ் அப்டேட் செய்துவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே சேதமான சிப்பை எந்த அப்டேட்டும் குணப்படுத்தாது, அதனால் இந்த இரண்டு தலைமுறையில் பெயரின் கடைசியில் கே உள்ள சிப்களைப் பழையதாக மட்டும் வாங்காதீர்கள்.

பழையபலகை எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ராம் கையில் இருக்கிறது என்றால் அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்? இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரு பி760 டிடிஆர்4 போர்டு, ஐ5-12400 அல்லது ஐ5-14500, இருக்கும் ராமோடு இன்னும் கொஞ்சம். மிச்சமாகும் பணம் முழுக்க கிராபிக்ஸ் கார்டுக்கு. ஒன்று மட்டும் கவனம்: டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் போட முடியாது. போர்டின் பெயரில் டி4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒரே மாடல் இரண்டு வகையிலும் வரும்.

உடனே யாராவது வந்து எல்ஜிஏ 1700க்கு இனி புதுச் சிப் வராது, செத்த சாக்கெட் என்று சொல்வார்கள். சொல்லட்டும். தொடுவானம் அவர்களே, 7400 வாங்கிய பிறகு அதே போர்டில் 7700 போட்டிருக்கலாம், போட்டீர்களா? பெரும்பாலானவர்கள் ஒரு கணினியை வாங்கினால் ஏழெட்டு ஆண்டு ஓட்டிவிட்டு மொத்தமாகத்தான் மாற்றுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு சாக்கெட்டின் ஆயுள் என்பது பயன்படுத்தாத வசதிக்குக் கொடுக்கும் பணம்.

நடுக்கோர் எழுதியது:

பழையபலகை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை மறந்துவிட்டீர்கள். 2017இல் முதல் ரைசன் 5 1600 வாங்கியவர்கள், அதே போர்டில் 2022க்கு அப்புறம் 5800எக்ஸ்3டி போட்டார்கள். ஏஎம்4இன் 300 வரிசை போர்டுகளுக்கு முதலில் ரைசன் 5000 வரிசை இல்லை என்றுதான் ஏஎம்டி சொன்னது, பிறகு 2022இல் திறந்துவிட்டது. என் வீட்டு மெஷினும் அப்படி வளர்ந்ததுதான், ராம், போர்டு, கேபினட் எதையும் தொடவில்லை, பயாஸை மட்டும் ஏற்றிவிட்டுச் சிப்பை மாற்றினேன், கேமில் தடுக்கித் தடுக்கி ஓடிய இடங்களெல்லாம் சீராகிவிட்டன. 2022 செப்டம்பரில் வந்த அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்கும் 2027 வரையும் அதைத் தாண்டியும் ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. தலைமுறைக்கு இவ்வளவு வித்தியாசம் வருகிற காலத்தில், நான்காம் ஆண்டில் சிப்பை மட்டும் மாற்ற வழி இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் அந்த 2400 ராம். அதை வைத்து 12ஆம் தலைமுறைக்கு மேல் உள்ள எந்தச் சிப்பை ஓட்டினாலும் அந்தச் சிப் பாதி நேரம் தரவுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். 4கே எடிட்டிங்குக்கு 16 ஜிபி போதவும் போதாது. எப்படியும் புது ராம் வாங்கத்தான் போகிறார் என்றால், பழைய ராமைக் காப்பாற்றுவதற்காக பிளாட்ஃபாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் என்ன நியாயம்?

வெட்டுமேசை எழுதியது:

இத்தனை பேர் பேசிவிட்டோம், கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. தொடுவானம், உங்கள் வீடியோ எந்தக் கேமராவில் எடுப்பது? எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), 8 பிட்டா 10 பிட்டா, நிற விவரம் குறைவான 4:2:0வா, அதிகமான 4:2:2வா? ஒரு ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். எந்தச் சிப் என்பதை அந்த ஒரு வரி தீர்மானித்துவிடும்.

தொடுவானம் எழுதியது:

பார்த்தேன். மிரர்லெஸ் கேமரா, ஹெச்இவிசி, 10 பிட், 4:2:2. சில பழைய கிளிப்கள் ஹெச்.264, அவையும் 4:2:2 10 பிட். இப்போது இருக்கும் மெஷினில் டைம்லைனில் போட்டவுடன் வினாடிக்கு இரண்டு மூன்று ஃப்ரேம்தான் நகர்கிறது, அதனால் எல்லாவற்றையும் ப்ராக்ஸி (எளிதாக ஓடும் தற்காலிக நகல்) ஆக்கித்தான் வெட்டுகிறேன்.

வெட்டுமேசை எழுதியது:

அதுதான் விஷயம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஹெச்இவிசி மாதிரி இறுக்கமாகச் சுருக்கிய வீடியோவை டைம்லைனில் ஓட்ட, ஒவ்வொரு ஃப்ரேமையும் விரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று சிப்புக்குள் தனிச் சுற்று ஒன்று இருந்தால் கோர்களுக்கு வேலையே இல்லை. இல்லையென்றால் 16 கோர் இருந்தாலும் எல்லாம் மூச்சு வாங்கும். 4:2:0 என்றால் இன்றைய எந்தக் கிராபிக்ஸ் கார்டும் செய்துவிடும். 4:2:2 10 பிட் மட்டும் வேறு கதை. என்விடியாவில் 30, 40 வரிசை கார்டுகளால் அதை விரிக்க முடியாது. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், அதாவது க்விக்சிங்க், ஹெச்இவிசி 4:2:2வை விரிக்கும். இதனால்தான் பல எடிட்டர்கள் கேமிங் அட்டவணைகளைப் பார்க்காமல் இன்டெல் சிப் வாங்கினார்கள். 2025இல் வந்த என்விடியா 50 வரிசை இந்தக் கணக்கை மாற்றிவிட்டது: ஹெச்இவிசி 4:2:2, ஹெச்.264 4:2:2 இரண்டையும் கார்டே விரிக்கிறது.

ஆகவே உங்களுக்கு இரண்டு பாதை. ஒன்று, உள் கிராபிக்ஸ் உள்ள இன்டெல் சிப். மாடல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது, கொஞ்சம் மலிவு என்று அதை வாங்கினால் நீங்கள் எதற்காக இன்டெல் வாங்குகிறீர்களோ அதுவே போய்விடும். இரண்டு, 50 வரிசை கார்டு, அதோடு எந்த நல்ல ப்ராசஸரும். இரண்டாவது பாதையில் உங்கள் ஹெச்.264 கிளிப்களும் சரியாகும், கேமும் ஓடும். இன்னொன்று: ரிசால்வின் இலவசப் பதிப்பில் கார்டின் இந்த வசதிகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு, கார்டு வாங்கும்போதே ஸ்டுடியோ பதிப்பையும் கணக்கில் வையுங்கள்.

பழையபலகை எழுதியது:

வெட்டுமேசை சொன்னதற்குப் பிறகு 12400, 14500 என்று நான் சொன்னதை வற்புறுத்தவில்லை. 50 வரிசை கார்டுதான் முதல் செலவு என்று ஆகிவிட்டது. ஆனால் சாக்கெட் பற்றிய என் வாதம் அப்படியே நிற்கிறது. நடுக்கோர் சிப்பை மாற்றியவர், அவருக்கு அது லாபம். மாற்றும் பழக்கம் இல்லாதவர் அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒரு போர்டுக்குக் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

தொடுவானம் எழுதியது:

மிக்க நன்றி, இது எந்த வீடியோவிலும் கிடைக்கவில்லை. அப்படியானால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16ஜிபி எடுக்கலாம் என்று பார்க்கிறேன். ப்ராசஸருக்கு ரைசன் 7 9800எக்ஸ்3டி சொல்கிறார்கள், கோர் அல்ட்ரா 7 265கே சொல்கிறார்கள், ரைசன் 7 9700எக்ஸும் சொல்கிறார்கள். எது? பழைய எஸ்எம்பிஎஸ் போதுமா?

சிலிக்கன்மணல் எழுதியது:

9800எக்ஸ்3டி அருமையான சிப், 96 எம்பி எல்3 கேஷ், கேமுக்கு முன்னணிச் சிப்களில் ஒன்று. ஆனால் அந்த அட்டவணைகளை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள்: 4090, 5090 மாதிரி கார்டை 1080பியில் ஓட்டுகிறார்கள், ப்ராசஸர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வெளியே கொண்டுவர அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் தப்பில்லை. நீங்கள் 5060 டிஐயை 1440பியில் ஓட்டப் போகிறீர்கள். பெரும்பாலான கேம்களில் கார்டு முதலில் முட்டிக்கொண்டு நிற்கும், 9700எக்ஸுக்கும் 9800எக்ஸ்3டிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாது. சோதிக்கவும் எளிய வழி உண்டு. கேமில் ரெசல்யூஷனை இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் தடை கார்டு, அசையாமல் அதே எண்ணில் நின்றால் தடை ப்ராசஸர். உத்தி விளையாட்டுகள், சிமுலேஷன், ஆன்லைன் போட்டி விளையாட்டுகள்தான் உங்கள் உலகம் என்றால் மட்டும் எக்ஸ்3டி பற்றி மறுபடி பேசலாம்.

265கே எடிட்டிங்குக்கு உண்மையிலேயே வலுவானது. 8 பெரிய கோர், 12 சின்னக் கோர், உள் கிராபிக்ஸ் இருப்பதால் கார்டோடு சேர்ந்து வீடியோ விரிக்கும் வேலையைப் பகிரும். உங்கள் வாழ்க்கையே ரெண்டரிங் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உச்சத்தில் 250 வாட். 9700எக்ஸ் எட்டு கோர், பதினாறு த்ரெட், 65 வாட் டிடிபி, சாக்கெட்டில் அதிகபட்சம் 88 வாட்தான் இழுக்கும். டிடிபி, அதாவது தயாரிப்பாளர் குறிக்கும் வெப்ப அளவு எண்ணும் உண்மையில் இழுக்கும் வாட்டும் ஒன்று இல்லை என்பதை எல்லோரும் நினைவில் வையுங்கள், ஏஎம்5இல் 105 என்று எழுதியிருக்கும் சிப் 142 வரை போகும், 170 என்று எழுதியிருப்பது 230 வரை போகும். எடிட்டிங், கேம் இரண்டும் கலந்து, சத்தமில்லாமல், சூடில்லாமல் ஓட வேண்டும் என்றால் என் ஓட்டு 9700எக்ஸுக்கு.

மின்னோட்டம் எழுதியது:

எஸ்எம்பிஎஸ் பற்றி நான் பேசுகிறேன், தொழிலே அதுதான். அந்தப் பழைய 500 வாட்டை மாற்றுங்கள், இதில் விவாதமே வேண்டாம். மொத்த வாட் எண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மலிவான யூனிட்களில் 3.3, 5 வோல்ட்களைக் கூட்டி மொத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருப்பார்கள். இன்றைய ப்ராசஸர், கார்டு இரண்டும் 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன.

உங்கள் கணக்கு: ப்ராசஸர் 88, கார்டு 180, மற்றது எல்லாம் சேர்த்து 70 அல்லது 80. ஆக 350க்குள். கார்டு சில மில்லி வினாடிகளுக்குத் திடீரென அதிகம் இழுக்கும், அதற்கும் சேர்த்து நல்ல தரமான 650 வாட் போதும். நாளைக்கு 5070 ரகத்துக்குப் போனாலும் அது 250 வாட் கார்டு, 650ஐத்தான் என்விடியாவே பரிந்துரைக்கிறது. 80 ப்ளஸ் கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றிதழ் மட்டும், உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அது சொல்லாது, அதற்கு அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் பழைய யூனிட்டின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. முனை சரியாக உட்காரும், ஆனால் யூனிட் பக்கத்தில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் அந்த நொடியே போய்விடும், உள்ளே இருக்கும் வீடியோக்களோடு. அதே மாதிரி ப்ராசஸருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். இரண்டும் வேறு வேறு, உட்காராததை அழுத்தி உட்கார வைக்காதீர்கள்.

நடுக்கோர் எழுதியது:

போர்டுக்கு பி650 அல்லது பி850 போதும், எக்ஸ்870 தேவையில்லை. யூஎஸ்பி4 வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்870, அதில் அது கட்டாயம் இருக்கும். பி650 எடுத்தால் 9000 வரிசைக்கு முந்தைய பயாஸோடு பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த போர்டாகவும் இருக்கலாம், அதனால் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ளதாகப் பாருங்கள். பென்டிரைவை ஃபேட்32 ஆக்கி, பயாஸ் ஃபைலுக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறித்த போர்ட்டில் செருகி அழுத்தினால் ப்ராசஸர், ராம் எதுவும் இல்லாமலே அப்டேட் ஆகும்.

போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் வரிசையாகச் சின்னச் சின்னச் சாம்பல் கட்டைகள் தெரியும், அவைதான் ப்ராசஸருக்கு மின்சாரம் ஊட்டும் விஆர்எம். அவற்றின் அருகே கனமான அலுமினியத் தகடு மூடியிருக்கிறதா, மொட்டையாக விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். 88 வாட் சிப்புக்கு நடுத்தர போர்டு தாராளம். பிறகு 12, 16 கோர் சிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் தகடு அவசியம், இல்லையென்றால் விஆர்எம் சூடேறி ப்ராசஸரின் வேகத்தை இறக்கிவிடும், நீங்கள் கூலரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ராம் இரண்டு குச்சியாக மட்டும் வாங்குங்கள். 32+32, டிடிஆர்5-6000, எக்ஸ்போ (ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) உள்ளது. 16 ஜிபி நான்கு வாங்கினாலும் 64 தானே என்று தோன்றும், ஆனால் ஏஎம்டியின் அதிகாரபூர்வ வேகமே 9000 வரிசைக்கு இரண்டு குச்சிக்கு 5600, நான்கு குச்சிக்கு வெறும் 3600. ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள்.

தொடுவானம் எழுதியது:

9700எக்ஸ், பி850, 32+32, 5060 டிஐ 16ஜிபி, 650 வாட் என்று முடிவு செய்துவிட்டேன். கூலர், கேபினட், எஸ்எஸ்டி பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். கோர்த்துப் பழக்கம் இல்லை, நானே செய்யப் போகிறேன்.

வெட்டுமேசை எழுதியது:

9700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றே அதிகம், ஒற்றைக் கோபுரமும் போதும், தண்ணீர்க் கூலர் வேண்டாம். கூலரின் உயரம் பெரும்பாலும் 155இலிருந்து 165 மில்லிமீட்டர், கேபினட்டின் பக்கத்தில் எவ்வளவு அனுமதி என்று பாருங்கள். அப்படியே கார்டின் நீளத்தையும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினட் வேண்டாம், வலை உள்ளது நல்லது. எஸ்எஸ்டி பிசிஐஇ 4.0 போதும், 5.0 உங்கள் வேலைக்குப் பலன் காட்டாது. ஆனால் க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் சேமிக்கும்) வகை வேண்டாம். பெரிய வீடியோ ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது வேகக் கேஷ் நிரம்பியதும் அது ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். எஸ்எஸ்டிக்கான இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஹார்டு டிஸ்க் மாட்டும் எந்த சாட்டா போர்ட் அணைகிறது என்பதும் போர்டின் கையேட்டில் இருக்கும், உங்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகளை அதற்கேற்ப மாட்டுங்கள்.

மின்னோட்டம் எழுதியது:

நானே கோர்க்கிறேன் என்கிறீர்கள், நல்லது. ஏஎம்5இல் பின்கள் போர்டில்தான், 1718 மெல்லிய கம்பிகள், விரல் நுனி பட்டாலே வளையும். சாக்கெட்டின் மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை முதலில் எடுக்க வேண்டாம். சிப்பின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தையும் ஓரத்து வெட்டுகளையும் பார்த்துச் சிப்பை மெதுவாக வைத்து, சட்டத்தை இறக்கிப் பக்கத்து நெம்புகோலை அழுத்தும்போது மூடி தானாகத் தெறித்து வெளியே வரும். அதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். அழுத்தும்போது நெம்புகோல் முரண்டு பிடிக்கும், முனகும், அது இயல்புதான்.

முதல் தடவை ஆன் செய்ததும் விசிறி சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ராமைப் போர்டு பழகிக்கொள்கிற நேரம் அது, 64 ஜிபிக்குப் பல நிமிடம் ஆகலாம், இடையில் ஒருமுறை தானே அணைந்து எழுந்தாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள். போர்டில் டிராம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கால் மணி நேரம் தாண்டியும் அப்படியே இருந்தால் அணைத்துவிட்டு, ஒரு குச்சியை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் விட்டுப் பாருங்கள். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பயாஸுக்குள் போனதும் எக்ஸ்போவை உடனே ஆன் செய்ய வேண்டாம், முதலில் விண்டோஸ் போட்டு, சிப்செட் டிரைவர் போட்டு, ஒருநாள் ஓட்டுங்கள். அப்புறம் எக்ஸ்போ ஆன் செய்துவிட்டு, இரவில் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை மென்பொருளை ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரு பிழைகூட இல்லையென்றால் ரிசால்வைத் திறக்கலாம். ஒரு பிழை வந்தாலும் 5600க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

தொடுவானம் எழுதியது:

பாகங்களை ஆர்டர் போட்டுவிட்டேன், இந்த இழையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கோர்க்கப் போகிறேன். போர்டு பக்கத்தில் 9700எக்ஸ் முதல் பயாஸ் பதிப்பிலேயே இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டேன்.